பழைய துப்பாக்கியை விற்பனைக்குப் பதிவிடும்போது வரிசை எண்ணைக் காட்டலாமா, மறைக்க வேண்டுமா?

கல்மண்டபம்_மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். என் தந்தைக்கு வயது 74. அவர் பெயரில் முறையான உரிமத்தோடு 12 போர் என்னும் குழல் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை வாங்கியவர் என் தாத்தா. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் எடுத்து வந்த அவர், நண்பர்களோடு பழவேற்காட்டு ஏரிக்கு வாத்து சுடப் போவதற்காக அதை வைத்திருந்தாராம். 1972ஆம் ஆண்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைச் சுட்டதில்லை. எண்ணெய் போட்டுத் துடைப்பதற்கும், தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவதற்கும் மட்டுமே அது பெட்டியை விட்டு வெளியே வரும். இனி அதைப் பாதுகாப்பது தன்னால் ஆகாது என்று தந்தை சொல்லிவிட்டார். எனக்கும் என் தம்பிக்கும் அதை வைத்துக்கொள்ள விருப்பமில்லை.

உரிமம் உள்ளவர்கள் மட்டும் வாங்கி விற்கும் இணையப் பக்கம் ஒன்றில், தந்தையின் ஒப்புதலோடு நான் விற்பனை விவரத்தைப் பதிவிட்டேன். தந்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கூடத்து மேசையில் துப்பாக்கியை வைத்து 6 படங்கள் எடுத்தேன். எண் பொறித்த இடத்தில் மட்டும் காயத்துக்குப் போடும் ஒட்டுத்துணியை ஒட்டி மறைத்தேன். ஏதோ ஓர் அச்சத்தில் செய்ததுதான், அதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை. மறுநாளே இரண்டு பேர் எழுதினார்கள். எண்ணை மறைத்து வைத்திருக்கும் துப்பாக்கியை எந்த நேர்மையான மனிதரும் வாங்க மாட்டார், அது திருட்டுப் பொருளாகத்தான் இருக்கும் என்று ஒருவர் எழுதினார். எண்ணைப் பொதுவெளியில் போட்டால் யாராவது அதை வைத்துத் துப்பாக்கி தன்னுடையது என்று புகார் கொடுத்துவிடுவார், போலிப் பத்திரம் தயாரிப்பார், ஆகவே எக்காரணம் கொண்டும் காட்டாதீர்கள் என்று இன்னொருவர் எழுதினார். தந்தையை "திருட்டுப் பொருள்" என்ற சொல் மிகவும் புண்படுத்திவிட்டது. ஐம்பது ஆண்டுகளாக ஒரு முறைகூடத் தவறாமல் உரிமத்தைப் புதுப்பித்து வந்தவர் அவர்.

இந்த இருவரில் யார் சொல்வது சரி? சட்டம் அறிந்தவர்களும் இந்தத் தொழிலில் இருந்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

தண்டையார்பேட்டை_வழக்கறிஞர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். படத்தில் எண்ணை மறைப்பது வேறு, துப்பாக்கியில் எண்ணை மறைப்பது வேறு. உங்களுக்கு எழுதிய முதல் மனிதர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டார் என்று கருதுகிறேன்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 8ஆம் பிரிவு முழுவதும் அடையாளக் குறிகளைப் பற்றியது. துப்பாக்கியின் மேல் பொறித்துள்ள பெயர், எண் அல்லது வேறு எந்த அடையாளக் குறியையும் அழிக்கவோ, நீக்கவோ, மாற்றவோ, போலியாக உருவாக்கவோ கூடாது என்று அது சொல்கிறது. செய்தவர் பெயரோ எண்ணோ இல்லாத துப்பாக்கியை விற்கக் கூடாது என்றும் சொல்கிறது. இவற்றினும் கடுமையானது மூன்றாவது உட்பிரிவு. குறி அழிந்த துப்பாக்கி ஒருவர் வசம் இருந்தால், அவரே அதை அழித்தார் என்று சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். அழிக்கவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. எனவே அந்த ஒட்டுத்துணியை இன்றே எடுத்துவிடுங்கள். படத்துக்காக ஒட்டியது குற்றமாகாது. ஆனால் பசை காய்ந்து இரும்பில் ஊறி, அதைச் சுரண்டி எடுக்க யாரேனும் கத்தியையோ உப்புத்தாளையோ கையில் எடுத்தால் பழைய பொறிப்பு மங்கிவிடும். பிறகு விளக்கம் சொல்லும் நிலை உங்கள் தந்தைக்கு வரும்.

விளம்பரப் படத்தில் எண் தெரிய வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. உண்மையான விற்பனை நடக்கும் இடமே வேறு. தம் சொந்தப் பயன்பாட்டுக்காக உரிமத்தோடு வைத்திருப்பவர், வணிக உரிமம் இல்லாமலேயே தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்கலாம் என்று 5ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: விற்கும் எண்ணத்தையும், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட நடுவரான ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, அதன் பிறகு குறைந்தது 45 நாட்கள் கழிந்திருக்க வேண்டும். பெருநகர சென்னையில் உரிமம் வழங்கும் அதிகாரம் காவல் ஆணையரிடம் இருப்பதால், வேப்பேரியில் உள்ள ஆணையர் அலுவலகத்துக்கும் ஒரு படி கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளச் சொல்வேன். அந்தக் கடிதத்தில் எண் ஓர் இலக்கம்கூடக் குறையாமல், செய்த நிறுவனத்தின் பெயரோடும் குழல் விவரத்தோடும் இருக்க வேண்டும்.

ஆக, விளம்பரத்தில் எண்ணின் ஒரு பகுதி போதும். வாங்க முன்வருபவர் தம் உரிமத்தையும், துப்பாக்கி வாங்குவதற்கு அதில் இடம் இருப்பதையும் உங்களுக்குக் காட்டிய பிறகு, முழு எண்ணை அவருக்குத் தனியாகத் தெரிவியுங்கள். 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், "இடம் இருக்கிறதா" என்பது முக்கியமான கேள்வி. உரிமப் புத்தகத்தின் படத்தை மட்டும் யாருக்கும் இணையத்தில் அனுப்பாதீர்கள். எண், உரிமதாரர் பெயர், முகவரி, கையெழுத்து ஆகிய நான்கும் ஒரே படத்தில் கிடைத்தால் போலிப் பத்திரம் செய்பவருக்கு வேறெதுவும் தேவைப்படாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாத நீங்கள், உரிமதாரர் உடனிருக்கும்போதோ அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதியோடோதான் துப்பாக்கியைக் கொண்டு செல்ல முடியும். அதுவும் பழுது பார்ப்பது, உரிமம் புதுப்பிப்பது போன்ற தேவைகளுக்கு மட்டுமே. யாரிடமாவது காட்டி வருகிறேன் என்று தனியாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

---

ஒஹாயோ_வாசி எழுதியது:

நான் புதுவண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவன். பதினைந்து ஆண்டுகளாக அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே இணையத்தில் பழைய துப்பாக்கிகளை விற்பது சாதாரண நடைமுறை. அதனால் இந்த விவாதம் நெடுங்காலமாக ஓய்ந்தபாடில்லை. எண் மேல் கட்டை விரலை வைத்துப் படமெடுப்பவர்கள் ஒரு பக்கம், முழு எண்ணையும் தலைப்பிலேயே போடுபவர்கள் மறுபக்கம்.

மறைப்பவர்கள் சொல்லும் காரணம் உங்களுக்கு எழுதிய இரண்டாவது மனிதரின் காரணமேதான். என் கருத்தில் அந்த அச்சம் இங்கே சற்று மிகைப்பட்டது. எண்ணைத் தட்டினால் உரிமையாளர் பெயர் வரும் மத்தியப் பதிவேடு அமெரிக்காவில் இல்லை. அப்படி ஒன்றை உருவாக்குவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் எண்ணைக் கொண்டு, மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தேசியத் தடமறி மையம் முதலில் செய்த நிறுவனத்தையும், அங்கிருந்து மொத்த வியாபாரியையும், பிறகு கடைக்காரரின் பேரேட்டையும் படிப்படியாகக் கேட்டுத்தான் முதலில் வாங்கியவரைக் கண்டுபிடிக்கிறது. திருடுபோன துப்பாக்கிகளின் பட்டியல் காவல் துறையின் கணினியில் இருந்தாலும் பொதுமக்கள் அதைப் பார்க்க முடியாது. எனவே எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வெளியார் ஒருவர் செய்யக்கூடியது குறைவு. 1968க்கு முன் செய்த மலிவான வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றில் எண்ணே இல்லை என்பது இங்குள்ள இன்னொரு சிக்கல். எல்லாத் துப்பாக்கிக்கும் எண் கட்டாயம் என்பது அந்த ஆண்டின் சட்டத்தோடுதான் வந்தது. ஆரம்பத்திலிருந்தே எண் இல்லாதது குற்றமாகாது, இருந்த எண்ணை அழித்தது கடுமையான குற்றம். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல துப்பாக்கியைச் சந்தேகப்படுபவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

ஆனால் வாங்குபவர் எண்ணைக் கேட்பதற்குத் திருட்டுச் சந்தேகம் மட்டும் காரணமல்ல. எண்ணிலிருந்துதான் துப்பாக்கியின் வயது தெரிகிறது. செய்த நிறுவனத்தின் பேரேடு பிழைத்திருந்தால், எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று சொல்லிவிடலாம். இதற்கு முதல் சில இலக்கங்கள் போதும் என்பதால், கடைசி இரண்டை மட்டும் மறைப்பது பெரும்பாலான துப்பாக்கிகளுக்குப் பொருத்தமான நடுவழி. எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. ஜெர்மானிய லூகர் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிறு உறுப்புகள் பலவற்றில் முழு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைத்தான் பொறித்திருப்பார்கள். அவையெல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத்தான் சேகரிப்பாளர் விலை சொல்வார். அங்கே கடைசி இரண்டை மறைத்தால், பார்க்க வேண்டியதையே மறைத்ததாகிவிடும். அதே வகைத் துப்பாக்கியில் எண்கள் பத்தாயிரம் வந்ததும் மறுபடி தொடக்கத்திலிருந்து வேறொரு எழுத்தோடு தொடங்கும். அந்த எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொன்னால் அது பல துப்பாக்கிகளைக் குறிக்கும்.

படங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகியிருக்கலாம். எண்ணை மறைத்துவிட்டு வீட்டின் இருப்பிடத்தைக் கொடுத்துவிடுவது பெரும் ஆபத்து. இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டு, சன்னலும் வாசலும் தெரியாத பின்னணியில் மறுபடி எடுத்துப் போடுங்கள்.

---

பழைய_கடைக்காரர் எழுதியது:

அம்மா, நான் மவுண்ட் ரோடு பக்கம் துப்பாக்கிக் கடை ஒன்றில் 31 ஆண்டுகள் கணக்குப் புத்தகம் எழுதியவன். இப்போது கொருக்குப்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். வழக்கறிஞர் ஐயா சொன்னவை சரியானவை. நான் வேறொன்றைக் கேட்க விரும்புகிறேன். நீங்கள் ஒட்டுத்துணி ஒட்டிய எண், துப்பாக்கியில் எந்த இடத்தில் இருக்கும் எண்?

காரணத்தைச் சொல்கிறேன். நம் ஊர்ப் பழைய வீடுகளில் இருக்கும் இரட்டைக்குழல்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் செய்தவை. இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் மேல்பட்டையில் "பி. ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ்" என்பது போல ஒரு பெயர் இருக்கலாம். அது விற்ற கடையின் பெயர். செய்தவர் பர்மிங்காமிலோ லண்டனிலோ இருந்த வேறொருவராக இருப்பார். ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று எண் வரிசை வைத்திருந்ததால், நான்கைந்து இலக்க எண் ஒன்று இருபது பட்டறைகளின் துப்பாக்கிகளில் இருக்கக்கூடும். எண்ணை மட்டும் எழுதி, பெயரை எழுதாமல் விட்ட உரிமங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட துப்பாக்கி கைமாறும்போது இது அதுதான் என்று நிறுவுவது கடினம்.

துப்பாக்கியை மடக்கிக் குழலைக் கழற்றினால், குழலின் அடிப்பக்கத் தட்டையான பகுதியில் எண் இருக்கும். அது வந்து உட்காரும் இரும்புப் படுகையிலும், முன்கட்டையின் இரும்பிலும், விசைக்காப்பிலிருந்து கட்டையின் மேல் நீளும் வாலிலும் எண் இருக்கலாம். நல்ல துப்பாக்கியில் இவை எல்லாம் ஒன்றே. குழலில் ஓர் எண்ணும் படுகையில் வேறோர் எண்ணும் இருந்தால், எப்போதோ குழல் மாறியிருக்கிறது என்று பொருள். குழலின் அதே தட்டைப் பகுதியில் சோதனைச்சாலை முத்திரைகளும், அதாவது குழல் வெடிப்பைத் தாங்குகிறதா என்று சோதித்ததற்கான அடையாளங்களும், இருக்கும். கிரீடத்தின் கீழ் "என்.பி." என்று இருந்தால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த குழல். "நாட் ஃபார் பால்" (ஒற்றைக் குண்டுக்கு அல்ல) என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது 1875க்கும் 1887க்கும் இடைப்பட்டது; இன்றைய தோட்டாவைப் போட்டுப் பார்க்க நினைக்கவே கூடாது. இந்த முத்திரைகளைத் தாராளமாகப் படமெடுத்துப் போடுங்கள். வாங்குபவருக்கு இவைதான் முதல் தேவை. உங்கள் தனிப்பட்ட விவரம் எதுவும் இவற்றில் இல்லை.

தந்தையை அருகில் வைத்துக்கொண்டு, தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்த பிறகு, எல்லா இடத்து எண்களையும் ஒரு தாளில் எழுதி, உரிமப் புத்தகத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள் அம்மா. எண்களை இங்கே எழுத வேண்டாம். ஒன்றாக இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும்.

---

கல்மண்டபம்_மகள் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவர் கேட்டதைச் செய்ததும் எங்கள் வீட்டில் யாருக்கும் உறக்கம் இல்லாமல் போய்விட்டது.

குழல், படுகை, முன்கட்டை மூன்றிலும் எண் ஒன்றே. கடைசி இரண்டு இலக்கங்கள் 61. உரிமப் புத்தகத்தில் 67 என்று இருக்கிறது. தாத்தாவின் காலத்து முதல் உரிமம் வேறொரு மாவட்டத்தில் கையால் எழுதிக் கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் பின்னர் வந்தவற்றிலெல்லாம் எண்ணைப் பதிந்திருக்கிறார்கள். அந்தப் பழைய காகிதத்தில் 1க்குத் தலையில் ஒரு கோடு இழுத்திருப்பதால் 7 போலத் தெரிகிறது. ஐம்பது ஆண்டுகளாகப் புதுப்பித்தபோது யாரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. வியப்பு என்னவென்றால், தேர்தல்களின்போது ஒப்படைத்ததற்கான ரசீதுகள் 4 எங்களிடம் இருக்கின்றன. அவற்றில் 3இல் 67 என்றும், ஒன்றில் 61 என்றும் இருக்கிறது. அந்த ஒன்றை எழுதிய காவலர் மட்டும் துப்பாக்கியைப் பார்த்து எழுதியிருக்கிறார் போலும்.

நான் படத்தில் ஒட்டுத்துணி ஒட்டாமல் முழு எண்ணோடு போட்டிருந்தால், வாங்க வந்தவர் உரிமத்தோடு ஒப்பிட்டுவிட்டு எங்களை என்னவென்று நினைத்திருப்பார்! தந்தை பயந்துபோயிருக்கிறார். அடுத்து என்ன செய்ய வேண்டும்?

---

தண்டையார்பேட்டை_வழக்கறிஞர் எழுதியது:

பயப்பட வேண்டாம், ஆனால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். விளம்பரத்தை உடனே எடுத்துவிடுங்கள். உரிமத்தில் உள்ள துப்பாக்கி ஒன்று, கையில் இருப்பது வேறொன்று என்ற தோற்றம் இப்போது இருக்கிறது. இந்தத் தோற்றத்தோடு விற்கக் கூடாது. 45 நாள் கடிதமும் எழுதக் கூடாது.

எழுத்துப் பிழையைத் தாமாக முன்வந்து தெரிவிப்பவர் நிலையும், சோதனையில் பிடிபடுபவர் நிலையும் ஒன்றல்ல. உங்கள் தந்தை தம் கையெழுத்தில் ஆணையருக்கு ஒரு விண்ணப்பம் எழுதட்டும். முதல் உரிமம் எந்த ஆண்டு, எங்கே வழங்கப்பட்டது, எந்த இலக்கம் எவ்வாறு மாறியது, துப்பாக்கியின் மூன்று இடங்களிலும் எண் ஒன்றாக இருப்பது, 61 என்று எழுதிய ரசீதின் தேதி ஆகியவற்றைச் சொல்லி, துப்பாக்கியை நேரில் பார்வையிட்டுப் பதிவைத் திருத்தித் தருமாறு கேட்க வேண்டும். அந்த ஒற்றை ரசீதுதான் உங்களுடைய வலுவான சான்று. ஏனெனில் விற்க வேண்டும் என்ற எண்ணமே எழாத காலத்தில், அரசு ஊழியர் ஒருவர் துப்பாக்கியைப் பார்த்து எழுதியது அது. நான்கு ரசீதுகளுக்கும் பழைய கையெழுத்து உரிமத்துக்கும் தெளிவான நகல் எடுத்து இணையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். உரிமத்தின் தனி அடையாள எண்ணோடு ஆயுத உரிமங்களின் தேசியத் தரவுத்தளத்திலும் துப்பாக்கி விவரம் ஏறியிருக்கும் என்பதால், புத்தகத்தில் திருத்தியதோடு கணினிப் பதிவிலும் திருத்தினார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

---

பழைய_கடைக்காரர் எழுதியது:

அம்மா, உங்கள் தந்தையிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் பேரேடு எழுதிய காலத்தில் 1க்கும் 7க்கும், 3க்கும் 8க்கும், 5க்கும் 6க்கும் இடையே இப்படி வந்த குழப்பங்களை ஆண்டுக்கு ஓரிரண்டாவது பார்த்திருக்கிறேன். திருடர் வீட்டுத் துப்பாக்கி என்று எவரும் நினைத்ததில்லை. எங்கள் முதலாளி, எண்ணை உரிமத்தைப் பார்த்து எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வார். இரும்பைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அந்த ரசீதை எழுதிய காவலருக்கும் இப்படி யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

பார்வையிடும் நாளில் பொறிப்பு தெளிவாகத் தெரிய வேண்டும். துருவையும் பழைய எண்ணெய்க் கறையையும் மெல்லிய பருத்தித் துணியில் சிறிது எண்ணெய் தொட்டு ஒற்றி எடுங்கள். கம்பித் தூரிகை, உப்புத்தாள், புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். வெண்சுண்ணக் கட்டியை எண்ணின் மேல் இலேசாகத் தடவி விரலால் வழித்துவிட்டால், பள்ளத்தில் வெள்ளை நின்று இலக்கங்கள் எடுப்பாகத் தெரியும், பிறகு துடைத்துவிடலாம். படமெடுக்கும்போது விளக்கை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். 1இன் கீழ்க் கால் உங்கள் துப்பாக்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலேயப் பட்டறை அச்சுகளில் பல நேரம் 1க்கு அடியில் சிறு பாதம் இருக்கும், 7க்கு இராது. அது தெரிந்தால் பார்வையிடும் அலுவலருக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும்.

---

கல்மண்டபம்_மகள் எழுதியது:

பாதம் இருக்கிறது ஐயா. சுண்ணம் தடவியதும் மூன்று இடங்களிலும் தெளிவாகத் தெரிந்தது. தந்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா வாங்கியதிலிருந்து இதைத் துடைத்திருக்கிறேன், படித்ததே இல்லை" என்றார்.

விளம்பரத்தை நேற்றே எடுத்துவிட்டேன். ஒட்டுத்துணியின் பசையையும் எண்ணெய் தொட்டு நீக்கிவிட்டேன். விண்ணப்பத்தைத் தந்தையே எழுதி முடித்திருக்கிறார். திங்கட்கிழமை காலை இருவரும் வேப்பேரிக்குப் போகிறோம். பதிவு திருத்தப்பட்ட பிறகு, சோதனை முத்திரைகளின் படங்களோடும், கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் மறைத்த எண்ணோடும், இருப்பிடப் பதிவு இல்லாமல் மறுபடி விற்பனைக்குப் போடுவேன். என்னைத் திருட்டுப் பொருள் விற்பவள் என்று எழுதியவருக்கும் முத்திரைப் படங்களை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் உரிமமும் ஒரு துப்பாக்கிக்கு இடமும் இருக்கிறதாம்.